முப்பத்திரண்டாவது கோட்டு

என் மனைவி கையிலிருந்து போன துணி திரும்பி வந்ததில்லை. இதை நான் சொல்லவில்லை, அவளே சொல்வாள். நாளுக்கு இரண்டு தடவையாவது சொல்வாள். இடுப்பு பிடிக்கிறது, கை நீளமாக இருக்கிறது என்று எவரும் துணியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசற்படி ஏறியது கிடையாது. பிடித்தாலும் வந்து சொல்லத் தைரியம் வேண்டுமே. தெருவில் அவளுக்குப் பெயர் ஊசி. தொழிலை வைத்து வந்த பெயர் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். நாக்கை வைத்து வந்தது என்று தெருவுக்கே தெரியும்.

எங்கள் வீட்டு முன்னறைதான் அவளுடைய கடை. ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின், நடுவில் துணி வெட்டுகிற நீளமான மேஜை, மூலையில் ஆளுயரக் கண்ணாடி. வாசலில் ஒரு பலகை தொங்கும். ‘தையல் – பெண்களுக்கு மட்டும்’ என்று அதில் இருக்கும். ஆஸ்பத்திரி நர்ஸுகளின் வெள்ளைச் சீருடை முழுக்க அவள் கையால் தைத்ததுதான். முன்பக்கம் ஏழு பட்டன், ஏழு காஜா. காஜாவை மட்டும் மெஷினில் அடிக்க மாட்டாள். கத்தரியால் ஓட்டை போட்டு, சுற்றிலும் நூலால் கட்டி, கையாலேயே முடிப்பாள். இருபது வருஷமாக அப்படி. ஆண்கள் துணி மட்டும் அந்த மெஷின் மேல் ஏறியதே இல்லை. என் சட்டைகூடக் கடையில் வாங்கினதுதான். அதைத் துவைப்பதும் தேய்ப்பதும் நான். நாலு பேருக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தேன், கதைக்குத் தேவைப்படுகிறது.

நான் ஒரு பத்திரிகை ஆபீசில் பிழை திருத்துபவன். அச்சுக்குப் போவதற்கு முன் எல்லாப் பக்கமும் என் மேஜைக்கு வரும். எழுத்துப் பிழை, விட்டுப்போன வரி, தலைகீழான தேதி எல்லாம் என் கண்ணில் பட்டாக வேண்டும். ஆபீசில் என்னைப் புள்ளி என்று கூப்பிடுவார்கள். ஒரு முற்றுப்புள்ளிக்காக நான் ஆசிரியரோடு இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். இப்படிப்பட்ட கண் வைத்திருப்பவன் வீட்டில்தான் இந்தக் கூத்து நடந்தது.

எங்கள் மாடியில் நெட்டை குடியிருந்தான். ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா. நிலைப்படியில் தினம் ஒரு தடவை தலையை இடித்துக்கொள்வான். என் மனைவியை அக்கா என்பான், அதனால் நான் மாமா. பன்னிரண்டு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, சிநேகிதர்களை எல்லாம் கூட்டுச் சேர்த்து, அவன் ஒரு படம் எடுத்தான். படத்தின் பெயர் ‘இரண்டு நாள் தாமதம்’.

போர்க்காலக் கதை. ஒரு சின்ன ரயில் நிலையத்தில் முப்பது சிப்பாய்கள் போர்முனைக்குப் போகக் காத்திருக்கிறார்கள். ரயில் இரண்டு நாள் தாமதம். அவர்களில் ஒருவனைத் தேடி அவன் அம்மா வருகிறாள். அந்த இரண்டு நாள் அவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள், என்ன பேசாமல் விடுகிறார்கள் என்பதுதான் படம். கடைசியில் ரயில் வருகிறது. மழை. பையன் தன் கோட்டைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஏறிப் போய்விடுகிறான். அவ்வளவுதான். போர்ப் படம் என்று நம்பிப் போனவனுக்கு ஒரு துப்பாக்கிச் சத்தம்கூடக் கிடையாது. டீ கொதிக்கிற சத்தம்தான் உண்டு.

“அக்கா, முப்பத்திரண்டு கோட்டு வேணும். நீங்கதான் தைக்கணும்” என்று ஒருநாள் வந்து நின்றான்.

“போர்டைப் படிச்சியா இல்லையா?”

“படிச்சேன். ஆனா வேற யாரும் என்னை நம்பித் தைக்க மாட்டாங்களே.”

அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டாள். ரயில்வே ஏலத்தில் எடுத்த பழைய கம்பளிகளை நெட்டை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டான். கொல்லையில் பெரிய அண்டா வைத்துப் பழுப்புச் சாயம் தோய்த்தோம். ஒரு வாரம் என் நகக்கண்ணெல்லாம் பழுப்பு. ஆபீசில் நான் தொட்ட தாளெல்லாம் பழுப்பு. பிறகு வெட்டினாள், தைத்தாள். வீட்டில் ஆண் உடம்பு என்று இருப்பது நான் ஒருவன்தானே? கோட்டுகளை வரிசையாக என் மேல் போட்டுப் பார்த்தாள். நான் ஒரு கையை நீட்டிக்கொண்டு, மறு கையில் ப்ரூஃப் தாளை வைத்துப் படித்துக்கொண்டு நிற்பேன். அவள் எதிரே நின்று கழுத்திலிருந்து கீழே வரைக்கும் பட்டன் போட்டு, இரண்டடி பின்னால் போய்ப் பார்ப்பாள். “தோளை நிமித்துங்க. உங்களைப் பாத்தா எதிரி படை சந்தோஷப்படும்” என்பாள்.

ஆக, முப்பத்திரண்டு தடவை அந்தக் கோட்டைப் போட்டேன். ஒரு தடவைகூட என் கண்ணில் படவில்லை.

படப்பிடிப்பு ஆரம்பித்த மறுநாள் நெட்டை ஓடிவந்தான். “அக்கா, பட்டன் போட வரலையாம். எல்லாரும் தடவிக்கிட்டு நிக்கிறாங்க.”

“புதுக் காஜா அப்படித்தான் இறுக்கமா இருக்கும்” என்றாள் இவள். மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்கே போய், முப்பத்திரண்டு கோட்டின் காஜாவிலும் மெழுகைத் தேய்த்து இளக்கிவிட்டு வந்தாள். ஆட்கள் குறைந்தார்கள் என்று என்னையும் ஒரு கோட்டை மாட்டி, மூலை பெஞ்சில் தூங்குகிற சிப்பாயாக உட்காரவைத்தான் நெட்டை. நன்றாகவே தூங்கினேன்.

படம் வெளியானது ஒரு வெள்ளிக்கிழமை, பகல் காட்சி. எங்கள் மூன்று பேரையும் சேர்த்துக் கொட்டகையில் பத்தொன்பது பேர். இவள் கதையைப் பார்த்தாளா என்பது சந்தேகம். தையலைப் பார்த்தாள். “காலர் என்னமா நிக்குது பாருங்க” என்று என் விலாவில் குத்தினாள். கடைசியில் அந்த அம்மா மழையில் நின்றபோது மட்டும் குத்தவில்லை. வெளியே வந்து நெட்டையின் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்லா எடுத்திருக்கேடா” என்றாள். ஊசி ஒருவரைப் பாராட்டி நான் கேட்டது அன்றைக்குத்தான். எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சினிமாப் பக்கம் என் மேஜைக்கு வந்தது.

எங்கள் பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதுபவருக்குக் கத்தரி என்று பெயர். நல்ல மனிதர்தான், எனக்குப் பக்கத்து மேஜை. ஆனால் பேனாவைத் திறந்தால் யாரையாவது இரண்டு துண்டாக்காமல் மூட மாட்டார். அன்றைக்கு அவர் எழுதியிருந்தது இது:

‘இந்தப் படையை எந்தப் போருக்கு அனுப்பினார்கள் என்று தெரியவில்லை. ஒரு சிப்பாய் பாக்கியில்லாமல் எல்லாரும் பெண்கள் பக்கம் பட்டன் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். எதிரி இவர்களைக் கண்டால் சுட மாட்டான், சிரித்தே செத்துப்போவான்.’

நான் சிரித்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், வாய்விட்டுச் சிரித்தேன். ‘சுட மாட்டான்’ என்பதற்குப் பிறகு அவர் காற்புள்ளி போடாமல் விட்டிருந்தார். நான்தான் போட்டேன். போட்டதும் வாக்கியம் இன்னும் நன்றாக வெட்டியது. பிறகுதான் என் சட்டையைக் குனிந்து பார்த்தேன். காஜா இடது பக்கம், பட்டன் வலது பக்கம். கண்ணை மூடி அந்தக் கோட்டை நினைத்துப் பார்த்தேன். காஜா வலது பக்கம். நர்ஸ் சீருடையில் இருப்பது மாதிரியே.

பக்கம் அச்சுக்குப் போக அரை மணி நேரம் இருந்தது. மூன்று வரி. இடம் போதவில்லை என்று ஒரு கோடு இழுத்திருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். சிவப்புப் பேனாவை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். பிழை இருந்தால் வெட்டுகிறவன் நான். அந்த மூன்று வரியில் பிழை எங்கே இருந்தது? கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் பத்திரிகையைக் குடைக்குள் சுருட்டி ஒளித்து வைத்தேன். மழை இல்லாத நாளில் குடையோடு போகிறவனை அவள் விடுவாளா? பிடுங்கிப் படித்தாள். படித்து முடித்ததும் மேஜையில் கிடந்த நர்ஸ் சீருடையை எடுத்துத் தன் மேல் வைத்துப் பார்த்தாள். பிறகு என் சட்டையைப் பார்த்தாள்.

“இது உங்க மேஜைக்கு வந்துதா?”

“வந்தது.”

“நேத்தே தெரியுமா?”

“தெரியும்.”

“ஏன் வெட்டலை?”

“அதுல பிழை இல்லையே” என்றேன்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். நேராக வாசலுக்குப் போய்ப் பலகையைத் திருப்பி மாட்டிவிட்டு வந்தாள். எழுத்து சுவரைப் பார்த்தது, வெறும் மரம் தெருவைப் பார்த்தது.

யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். “யானை சறுக்கினா யானைதான் விழும். நான் சறுக்கினதுல அவன் விழுந்துட்டானே” என்றாள். அது உண்மைதான். கத்தரி ஆரம்பித்ததை மற்றப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒருவர் கேலிச் சித்திரமே போட்டார். அடுத்த ஐந்தே நாளில் கொட்டகையிலிருந்து படத்தைத் தூக்கிவிட்டார்கள். நிருபர்கள் கேட்டபோது நெட்டை, “என் கவனக்குறைவு” என்று மட்டும் சொன்னான். தைத்தது யார் என்று அவன் வாயிலிருந்து வரவே இல்லை. அதுதான் இவளை அறுத்தது. “என் தப்புக்கு அவன் ஏங்க ஏச்சு வாங்கணும்?” என்று சுவரைப் பார்த்துக் கேட்பாள்.

அடுத்த வாரம் ஒரு தள்ளுவண்டியில் முப்பத்திரண்டு கோட்டும் வந்து இறங்கின. வைக்க இடமில்லை என்று நெட்டைதான் அனுப்பியிருந்தான், பாவம், வேறெதுவும் நினைத்திருக்க மாட்டான். இவள் அந்த மூட்டையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கையிலிருந்து போய் முதல் முதலாகத் திரும்பி வந்த துணி அது.

மறுநாள் காலையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து முதல் கோட்டைப் பிரித்தாள். வலது பக்கக் காஜாக்களை ஒவ்வொன்றாக மூடித் தைத்தாள். இடது பக்கம் புதிதாக வெட்டினாள். பட்டன்களைப் பிடுங்கி, மூடின காஜாவின் மேலேயே வைத்துத் தைத்தாள். பழைய ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. அந்த ஒரு கோட்டுக்கு ஒரு முழு நாள் ஆனது.

“படம் எடுத்து முடிச்சாச்சு. ஓடியும் முடிஞ்சாச்சு. இனிமே திருத்தினா யார் பாக்கப் போறாங்க?”

“நான் பாப்பேன்.”

“அப்புறம்?”

“இது முப்பத்திரண்டும் முடியட்டும். மெஷினை அந்தச் சின்ன நர்ஸ் கேட்டுக்கிட்டே இருக்கா, அவகிட்ட கொடுத்துடறேன். போதும்.”

கோபத்தில் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். சாதாரணமாகச் சொன்னாள். அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேலேயே இருக்கும், அதோடு குடும்பம் நடத்த எனக்குத் தெரியும். இந்த அமைதியோடு எப்படி நடத்துவது என்று தெரியவில்லை. நர்ஸுகள் துணியோடு வந்து திரும்பிப் போனார்கள். வீட்டில் மெஷின் சத்தமே இல்லை. ஆபீசிலிருந்து வரும்போது தெருமுனையிலேயே அந்தச் சத்தம் கேட்கும்; இருபது வருஷம் அதைச் சத்தம் என்றுதான் நினைத்திருந்தேன். அது நின்ற பிறகுதான் அது என் வீட்டின் மூச்சு என்று தெரிந்தது.

நாளுக்கு ஒரு கோட்டு. திருத்தினதைக் கொடியில் மாட்டுவாள். மாட்டினதை நான் எண்ணுவேன். பத்து. பதினெட்டு. இருபத்தைந்து. இருபத்தேழாவது நாள் எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவள் குளிக்கப் போயிருந்தபோது, திருத்தாத மூட்டையிலிருந்து ஒரு கோட்டை உருவிப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, ஆபீசுக்குக் கொண்டுபோய் என் மேஜையின் அடி டிராயரில் திணித்துப் பூட்டிவிட்டேன். முப்பத்திரண்டு முடிந்தால்தானே மெஷினைக் கொடுப்பாள்? முடியாமல் போகட்டும் என்று பார்த்தேன். வயதான மனிதன் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள். அந்த டிராயர் சாவியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் அந்த நாட்களை ஓட்டினேன்.

ஐந்தாம் நாள் குட்டு வெளிப்படப் பார்த்தது.

“முப்பத்தொண்ணுதான் இருக்கு.”

“எண்ணினதுல தப்பா இருக்கும்.”

“தச்சவளுக்கு எண்ணத் தெரியாதா?”

கட்டிலுக்கு அடியில், பரணில், கொல்லையில் அண்டாவுக்குள்கூடத் தேடினாள். நானும் கூடவே தேடினேன். நான் தேடின மும்முரத்தைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அவளுக்கு வந்தது. “நீங்க எதையும் இவ்வளவு தேடினதில்லையே” என்றாள்.

நல்ல வேளையாக அப்போது மாடிப்படியில் தடதடவென்று சத்தம், நிலைப்படியில் ‘டங்’ என்று தலை இடிக்கிற சத்தம். நெட்டை ஒரு மாத இதழோடு உள்ளே வந்தான். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, “படிங்க மாமா, சத்தமா படிங்க” என்றான்.

வேறு ஊரிலிருந்து வருகிற சின்ன இதழ். முந்நூறு பேர் படித்தால் அதிகம். அதில் ஓர் அம்மாள் எழுதியிருந்தார். நான் படித்தேன்:

‘இந்தப் படத்தின் கோட்டுகளைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவை தொழிற்சாலையில் பிறந்த கோட்டுகள் அல்ல. ஒரு பெண் தன் வீட்டில் உட்கார்ந்து தைத்தவை. போர் என்றால் என்ன என்று இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது. கடைசிக் காட்சியில் மகனின் கோட்டைத் தாய் போட்டுக்கொள்கிறாள். அழுதுகொண்டே, ரயில் போன திசையைப் பார்த்துக்கொண்டே, குனிந்து பார்க்காமலே எல்லாப் பட்டனையும் போட்டுவிடுகிறாள். அவள் கைக்குத் தெரிந்த பக்கம் அது.’

நெட்டை அழுதுகொண்டிருந்தான். அவன் படத்துக்கு அச்சில் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை. அந்த இதழின் வாசகர்கள் சேர்ந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊர் நூலக மண்டபத்தில் படத்தைத் திரும்பப் போடுகிறார்களாம். அவனை அழைத்திருந்தார்கள்.

“நானும் வரேன்” என்றாள் இவள்.

“வாங்கக்கா!”

“வந்து உண்மையைச் சொல்லப் போறேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்னன்னு?”

“அது யோசிச்சு வெச்சது இல்ல, தப்புன்னு. இவன் எனக்காக ஊர் ஏச்சை வாங்கினான். இப்ப என் தப்புக்குப் பாராட்டும் வருது. ரெண்டும் பொய். நீங்க பிழை இல்லாததை வெட்ட மாட்டேன்னீங்க இல்ல? நான் மட்டும் பிழையை மெச்சிக்கணுமா?”

என் ஆயுதத்தாலேயே என்னைக் குத்தினாள். நெட்டையை ஜாடையாகப் பார்த்தேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அக்கா சொல்லணும்னா சொல்லட்டும் மாமா” என்றான். சொன்னானே ஒழிய, போகும்போது நிலைப்படியில் குனிய மறந்து இன்னொரு தடவை இடித்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் இரண்டு மணி நேரப் பயணம். என் பைக்குள் அந்தக் கோட்டு இருந்தது. முந்தின நாளே டிராயரிலிருந்து எடுத்து வந்துவிட்டேன். அவள் அத்தனை பேர் முன்னால் தன் குற்றத்தை ஒத்துக்கொள்ளும்போது நான் மட்டும் டிராயரைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது சரியாகப் படவில்லை. வழியெல்லாம் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். உதடு மட்டும் அசைந்தது. பேச வேண்டியதை ஒத்திகை பார்க்கிறாள் என்று புரிந்தது. ஊசி எதையும் ஒத்திகை பார்த்துப் பேசினவள் இல்லை.

மண்டபத்தில் நாற்பது நாற்காலி, முக்கால்வாசி நிறைந்திருந்தது. படம் ஓடியது. யாரும் சிரிக்கவில்லை. கடைசிக் காட்சி வந்தபோது நான் முதல் முதலாக அந்த அம்மாவின் கைகளைப் பார்த்தேன். உண்மைதான். குனிந்தே பார்க்கவில்லை. சிப்பாயாக நடித்தவர்கள் தடவிக்கொண்டு நின்ற அதே கோட்டு, அந்த நடிகை கைக்குத் தானாகப் பூட்டிக்கொண்டது.

விளக்கைப் போட்டார்கள். விமர்சனம் எழுதிய அம்மாள் முன்வரிசையில் எழுந்து நின்றார். கனத்த மூக்குக்கண்ணாடி, மெலிந்த உடம்பு, பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவராம். நெட்டையைப் பேசக் கூப்பிட்டார். அவன் எழுவதற்குள் இவள் எழுந்துவிட்டாள்.

“நான் பேசணுங்க. கோட்டைத் தச்சது நான். நீங்க எழுதின மாதிரி யாரும் யோசிச்சு வைக்கலை. நான் நர்ஸுங்களுக்குத் தைக்கிறவ. இருபது வருஷமா பொம்பளைங்களுக்கே காஜா கட்டின கை. அதே பழக்கத்துல வெட்டிட்டேன். அது தப்பு. தம்பி மேல ஒரு குத்தமும் இல்லை. அவனைத் திட்டினதும் நியாயமில்லை, இதுக்காகப் பாராட்டறதும் நியாயமில்லை. அவ்வளவுதான்.”

ஒரே மூச்சில் சொல்லிவிட்டு முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். நெட்டை தரையைப் பார்த்தான். எனக்கு அவள் கையைப் போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது, கூச்சத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவசரமே இல்லை.

“நீங்க எங்க உக்காந்து தச்சீங்கம்மா?”

“வீட்டுலதான். முன்னறையில.”

“ஒரு பொம்பளை தன் வீட்டுல உக்காந்து தச்ச கோட்டுன்னுதானே நானும் எழுதியிருக்கேன்? டைரக்டர் யோசிச்சு வெச்சார்னு எங்கயாவது எழுதியிருக்கேனா? நான் பாத்தது உங்க கையை. நான் எழுதினதுல எந்த வரி தப்புன்னு சொல்லுங்க, அடுத்த மாசமே திருத்தம் போட்டுடறேன்.”

எதற்கும் எதிர்வார்த்தை வைத்திருக்கிறவள், திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த விமர்சனத்தை நான் பத்துத் தடவையாவது படித்திருந்தேன். தொழில் புத்தி.

“பிழை இல்லை” என்றேன் நான்.

“அப்படியா?” என்றாள், சின்னப் பிள்ளை கேட்பது மாதிரி.

“ஒரு வரிகூட இல்லை.”

உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். ஊசி அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் முந்தானைதான் பார்த்தது.

“அந்தக் கோட்டு ஒண்ணைத் தொட்டுப் பாக்கணும்னு ஆசை” என்றார் அந்த அம்மாள்.

“எல்லாத்தையும் மாத்திட்டேங்க. ஒண்ணே ஒண்ணு பாக்கி. அதையும் காணோம்” என்று முந்தானைக்குள்ளிருந்து பதில் வந்தது.

நான் பையைத் திறந்து பொட்டலத்தை வெளியே எடுத்தேன். பத்திரிகைத் தாள் சரசரத்த சத்தத்தில் முந்தானை இறங்கியது. அவள் கோட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என் வீட்டில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ரயிலில் இரண்டு மணி நேரமும் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று அர்த்தம். ஒன்றரை மாதமாக அந்தப் பார்வைக்கு ஏங்கிப் போயிருந்தேன்.

அந்த அம்மாள் கோட்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவருக்குப் பெரிது, கை விரல் நுனிதான் தெரிந்தது. இவளோடு பேசிக்கொண்டே, இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, கழுத்திலிருந்து கீழே வரைக்கும் எல்லாப் பட்டனையும் போட்டு முடித்தார். ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை. போட்டு முடித்ததும்தான் அவருக்கே அது தெரிந்தது. இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள்.

திரும்பி வரும்போது எதிர்பார்த்ததெல்லாம் கிடைத்தது. “திருட்டுப் புருஷன்” என்பதில் ஆரம்பித்து, ரயில் எங்கள் ஊரில் நிற்கிற வரைக்கும் ஓயவில்லை. எதிரே நெட்டை, கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே வந்தான். அதற்குப் பிறகு அந்தப் படம் இன்னும் மூன்று ஊர்களில் நூலக மண்டபங்களில் ஓடியது. அதோடு சரி. யாருக்கும் பெரிதாகத் தெரியாத படம்தான் இன்றைக்கும். கத்தரி மட்டும் ஒருநாள் டீ குடிக்கும்போது, “புள்ளி, அந்தக் கோட்டைத் தச்சது உங்க வீட்டம்மாவா? நீ ஏன்யா என் வரியை வெட்டலை?” என்று கேட்டார். அவருக்கும் அதே பதிலைச் சொன்னேன்.

திங்கட்கிழமை காலையில் நான் ஆபீசுக்குக் கிளம்பினபோது பலகை தெருவைப் பார்த்துத் தொங்கியது. சின்ன நர்ஸ் மெஷினைக் கேட்டு வந்தாள். அளவு கொடுத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் தெருமுனையில் திரும்பினபோது மெஷின் சத்தம் கேட்டது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

அந்த ஒரு கோட்டை அவள் இன்னும் மாற்றவில்லை. முப்பத்தொன்றையும் ஒரு நாடகக் குழுவுக்குக் கொடுத்துவிட்டாள், இதை மட்டும் எனக்கென்று வைத்துவிட்டாள். குளிர் நாளில் ஆபீசுக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன். பார்க்கிறவர்கள் கேலி செய்கிறார்கள், செய்யட்டும். ஆனால் இத்தனை வருஷம் ஆகியும் அந்தப் பட்டன் என் கைக்கு வரவில்லை. வாசலில் நின்று தடவிக்கொண்டிருப்பேன். உள்ளேயிருந்து மெஷின் சத்தம் நிற்கும். “தோளை நிமித்துங்க” என்று சொல்லிக்கொண்டே வந்து, எதிரே நின்று, கழுத்திலிருந்து கீழே வரைக்கும் அவளே போட்டுவிடுவாள்.